ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது, எடுத்துவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மாடி வீடு, வாடகை. கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். வாஷிங் மெஷினின் ஓரத்தில் கை பட்டால் சுருக்கென்கிறது. செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் ஸ்விட்ச், ஒரே ராத்திரியில் மூன்று நான்கு தடவை விழுகிறது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "இந்த ஆர்சிசிபிதான் சார் தொல்லை, எடுத்துட்டு எம்சிபி மட்டும் போட்டுடறேன். வாஷிங் மெஷின் பாயின்ட்ல நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு லூப் கொடுத்தா ஷாக்கும் நின்னுடும்" என்று சொல்லி, இரண்டு வேலைக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய் கேட்டிருக்கிறார். செய்யச் சொல்லலாமா என்கிறீர்கள்.

வேண்டாம், இரண்டுமே வேண்டாம். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடி இருட்டில் எழுந்து டார்ச் தேடுவீர்கள், மூன்றாம் நாள் அவரையே கூப்பிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபத்தைந்து வருடமாக வீட்டு வயரிங், அபார்ட்மென்ட் பேனல் வேலை என்று இதிலேயே இருக்கிறேன். சூப்பர்வைசர் சான்றிதழ் உண்டு. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. எந்த வயரில் கோளாறு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் எம்சிபியும் ஆர்சிசிபியும் என்ன செய்கின்றன என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதால் ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் அதற்குமேல் கரண்ட் இழுக்கப்பட்டு வயர் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். ஷார்ட் ஆனால் பட்டென்று விழும். உங்களைப் பற்றி அதற்குத் தெரியாது. மனிதனைக் கொல்ல 16 ஆம்பியர் எல்லாம் தேவையில்லை. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எவ்வளவு கரண்ட் வரைக்கும் அவர்களால் பிடியை விட முடிகிறது என்று அளந்து பார்த்தவர். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்குமேல் போனால் கை தசை இறுகிக்கொண்டு, விட நினைத்தாலும் விட முடியாது. "கரண்ட் இழுத்துப் பிடிச்சிக்கிச்சு" என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஈரக் கையோடு, வெறுங்காலோடு நிற்கிற ஆளின் உடம்பு சுமாராக 1000 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர் பாயும். அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரி. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

ஆர்சிசிபி வேறு கணக்குப் போடுகிறது. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். போனது ஐந்து ஆம்பியர், வந்தது 4.97 என்றால், அந்த 30 மில்லி ஆம்பியர் எங்கோ வழி தவறி மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். அது ஈரச் சுவர் வழியாகவும் போகலாம், உங்கள் உடம்பு வழியாகவும் போகலாம். அதற்கு வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 30 மில்லி ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட ஆர்சிசிபி 15-க்குக் கீழே விழக்கூடாது, 30-க்குள் விழுந்தாக வேண்டும். 30-ல் 0.3 வினாடிக்குள், 150-க்கு மேல் போனால் 0.04 வினாடிக்குள். இதயம் ஒரு துடிப்பை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இது ஒரு சின்னப் பகுதி. ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆர்சிசிபி இருந்தால் ஷாக்கே அடிக்காது என்பது பொய். அடிக்கும், நன்றாகவே அடிக்கும், அலறிக்கொண்டு கையை உதறுவீர்கள். அது குறைப்பது ஷாக்கின் வேகத்தை அல்ல, நேரத்தை. உயிர் தப்புவது அந்த நேரத்தில்தான்.

சரி, வாஷிங் மெஷினுக்கு வருவோம். சுருக்கென்கிறது என்றதும் மெஷின் கெட்டுவிட்டது என்று சர்வீஸ்காரரைக் கூப்பிடுவது வழக்கம். அவர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "மெஷின்ல ஒண்ணுமில்ல, உங்க வீட்டு எர்த் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். தட்டிக்கழிக்கிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் சொல்வது சரி. இப்போதைய மெஷின்களில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அதன் வாசலில் மின் இரைச்சலை வடிகட்டும் ஒரு ஃபில்டர். ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு குட்டி கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்று. இவை வழியாகக் கசியும் சொற்பக் கரண்ட் எர்த் வயர் வழியாகப் போய்விட வேண்டும் என்பதே ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் இரண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் பாடியில் பாதி வோல்ட்டேஜ், அதாவது 115-க்குப் பக்கம், உட்கார்ந்திருக்கும். தொட்டால் பாய்வது பெரும்பாலும் அரை மில்லி ஆம்பியர், ஒன்று, அவ்வளவுதான். புறங்கையை மெதுவாகத் தேய்த்தால் சொரசொரவென்று, பொடி மணலைத் தடவுகிற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டிலும் இதே அனுபவம் பலருக்கு உண்டு.

அது மட்டும்தான் என்றால் ஆபத்தில்லை. ஆனால் அது மட்டும்தானா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மோட்டார் வைண்டிங் கசிகிறதா, ஹீட்டர் உள்ள மெஷினாக இருந்தால் அந்த எலிமென்ட் கசிகிறதா, எல்லாமே ஆரம்பத்தில் இதே சுருக்குதான். நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: பாடியில் சுருக்கென்கிறது என்றால் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. எர்த் உயிரோடு இருந்தால் அந்தச் சுருக்கு வரவே வராது.

எர்த் இல்லாமல் போவது எப்படி என்றால், கட்டும்போதே போடாமல் விட்டது ஒரு வகை. போட்டது செத்துப்போனது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். போன வருடம் ஒரு வீட்டில், போர்டைத் திறந்தால் பச்சை வயர் அழகாக வரிசையாக ஸ்க்ரூவில் மாட்டியிருக்கிறது, குறை சொல்ல இடமே இல்லை. எர்த் குழி எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே மறந்துவிட்டது. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே, பழைய சைக்கிளையும் இரண்டு மணல் மூட்டையையும் நகர்த்தியபின் சிமென்ட் மூடி தெரிந்தது. கம்பியால் நெம்பித் திறந்தால் உள்ளே காய்ந்த மண், பல்லி முட்டை ஓடு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் தலையில் கிளாம்ப் துருப்பிடித்துப் பொரிந்திருக்கிறது. அதில் மாட்டியிருந்த ஜிஐ கம்பியை விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. கரி, உப்பு எல்லாம் போட்டு முறையாகச் செய்த குழிதான். அந்த உப்பே வருடக்கணக்கில் கம்பியைத் தின்றுவிட்டது. மேலே பச்சை வயர் எல்லா அறைக்கும் போகிறது, கீழே மண்ணோடு தொடர்பே இல்லை.

இந்த நிலையில் ஒரு பயங்கரம் இருக்கிறது. எல்லா பிளக் பாயின்ட்டின் எர்த்தும் ஒரே பச்சை வயரில் கோத்தது. குழியில் அறுந்துவிட்டால், கீசரில் கசிவது ஃப்ரிட்ஜின் பாடியில் வந்து நிற்கும். அப்போது கரண்ட் மண்ணுக்குப் போக மிச்சமிருக்கும் வழி, ஃப்ரிட்ஜைத் தொடுகிற ஆள். அந்த நொடியில் அவரைக் காப்பாற்ற அந்த வீட்டில் இருக்கும் ஒரே பொருள் ஆர்சிசிபி. உங்கள் வீட்டில் எர்த் சந்தேகம். அதே வீட்டில் ஆர்சிசிபியையும் கழற்றச் சொல்கிறார். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அடுத்து அந்த லூப். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயின்ட்டில் ஒன்றாகக் கோத்துவிட்டால் சுருக்கு நிற்கும் என்பது உண்மை. பாடி நியூட்ரலோடு சேர்ந்துவிடுகிறது, நியூட்ரல் சாதாரணமாக மண்ணின் வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை பிரபலம். ஆனால் நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால் என்ன ஆகும்? மீட்டர் போர்டில் ஸ்க்ரூ லூஸாகிறது, கம்பத்தில் ஜம்பர் என்கிற இணைப்புக் கம்பி அறுகிறது, மழைக்காலத்தில் இது அதிசயமே இல்லை. வீட்டில் ஒரே ஒரு பல்பு ஸ்விட்ச் போட்டிருந்தால் போதும். எர்த் குழியும் செத்திருந்தால், ஃபேஸ் அந்த பல்பு வழியாக வந்து, திரும்பிப்போக வழியில்லாத நியூட்ரலில் தேங்கி, லூப் வழியாகப் பச்சை வயருக்கு ஏறி, வீட்டில் எர்த் மாட்டியிருக்கும் அத்தனை இரும்புச் சாமானின் பாடியிலும் 230 வோல்ட்டாக நிற்கும். பல்பு எரியாது, ஃபேன் சுற்றாது. "கரண்ட் போயிடுச்சு" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கரண்ட் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். எர்த் நல்ல நிலையில் இருக்கும் வீட்டில் அந்த லூப்பைப் போட்டால், திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போக ஆரம்பித்து ஆர்சிசிபி உடனே விழும். ஆக, லூப் நிலைக்க வேண்டுமென்றால் ஆர்சிசிபி போயாக வேண்டும். அவர் இரண்டையும் சேர்த்தே சொன்னது தற்செயல் இல்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஷாக் நிற்க வேண்டும், லைட் எரிய வேண்டும் என்று நாம்தான் கேட்கிறோம், அதை அவர் மலிவாகச் செய்து தருகிறார்.

"எர்த்தை மட்டும் புதுசாப் போட்டுட்டா ஆர்சிசிபி எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் நம் எர்த் குழி தனி, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் தனி. நடுவில் இருப்பது மண். உங்கள் குழி 5 ஓம், நல்ல குழி என்றே வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் எல்லாம் சேர்த்து 1 ஓம். மெஷினுக்குள் ஃபேஸ் வயர் நேராகப் பாடியில் ஒட்டிவிட்டால் பாய்வது 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது இரண்டரை மடங்குகூட இல்லை. சில வினாடியிலும் விழலாம், ஒரு நிமிடம் வரைக்கும் இழுத்தடிக்கலாம். அதுவரை மெஷின் பாடியில் ஏறக்குறைய 190 வோல்ட் இருக்கும். கோடையில் காய்ந்து குழி 20 ஓம் ஆகிவிட்டது என்றால் பாய்வது 11 ஆம்பியர்; எம்சிபி விழவே விழாது. அதே 20 ஓம் குழி ஆர்சிசிபிக்குத் தாராளம். அதற்குத் தேவை வெறும் 30 மில்லி ஆம்பியர். எர்த்தும் ஆர்சிசிபியும் சேர்ந்து இருக்கும்போது, கோளாறு வந்த அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே விழும். எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால் நீங்கள் தொட்டபின் விழும். ஆர்சிசிபி இல்லாமல் எர்த் மட்டும் இருந்தால் விழலாம், விழாமலும் போகலாம்.

இனி மழைக்கு ஏன் விழுகிறது என்பது. இதில் நிச்சயம் குறைவு, அனுமானம் அதிகம். ஆர்சிசிபியே பழுதாகி வீணாக விழுவதும் உண்டு. ஆனால் மழை வந்தால் விழுகிறது, வெயிலில் விழவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் ஈரம் எங்கோ வயரைத் தொடுகிறது என்பதுதான் முதல் சந்தேகம். இடி மின்னலின்போது மட்டும் விழுந்தால் அது வேறு. லைனில் வரும் திடீர் உந்தலுக்கு அது விழுவது சகஜம், தூக்கிவிட்டால் நிற்கும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. போர்டைத் திறக்க வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். மழை பெய்து விழுந்திருக்கும் நேரத்திலேயே செய்யுங்கள், காய்ந்தபின் செய்தால் ஒன்றும் தெரியாது. வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பாயின்ட்டிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது, உருவ வேண்டும். ஏனென்றால் ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் மெஷினோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் ஆர்சிசிபி விழும். எம்சிபிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள். நின்றால், எம்சிபியை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, பெரும்பாலும் அந்த லைனில் ஃபேஸ் கசிகிறது. எம்சிபி எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி நிற்க மாட்டேன் என்றால், நியூட்ரல் எங்கோ ஈரத்தையோ எர்த்தையோ தொட்டுக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் ஆர்சிசிபியே போயிருக்கிறது. எல்லாம் நின்றுவிட்டால் ஒவ்வொரு பிளக்காக மாட்டிப் பாருங்கள். கீசரும் ஏசியும் பிளக் இல்லாமல் நேராக இணைத்திருந்தால் அவற்றை எலக்ட்ரீஷியன்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில் மழைக்காலத்தில் ஆர்சிசிபி விழுவதற்கு முதல் குற்றவாளி வெளி விளக்குகள். கேட் லைட், மொட்டைமாடி லைட், காலிங் பெல் சுவிட்ச். ஒரு வீட்டில் இரண்டு பேர் பார்த்து ஆர்சிசிபியை மாற்றியும் நிற்கவில்லை. கேட் தூணில் இருந்த விளக்கைக் கழற்றினேன். உள்ளே செம்மண்ணும் எறும்பும். ஆயிரக்கணக்கான எறும்பு ஹோல்டருக்குள் புற்று வைத்திருந்தது. வெயிலில் காய்ந்த மண் கசியவிடாது, நனைந்ததும் நல்ல கடத்தி. தட்டித் துடைத்து, ரப்பர் வாஷர் போட்டு மூடியதும் அந்த வருடம் முழுக்க விழவில்லை. அதற்கு அடுத்தபடி போர் மோட்டார். பொதுவாக அது கீழ்வீட்டு லைனில் இருக்கும். உங்கள் மாடிக்கு அதில் தொடர்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கீசர், உப்புத்தண்ணீர் ஊர் என்றால் எலிமென்ட்டின் மேலுறை அரித்துக் கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே இறங்கும். கீசர் போட்டுப் பத்து நிமிடத்தில் விழுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருந்தால், அதை மாட்டியவர் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் வீட்டு நியூட்ரலையும் எங்கே சேர்த்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஆர்சிசிபிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்துவிட்டால் மழையே இல்லாமல் விழும். மேலே கீழே இரண்டு வீட்டு நியூட்ரலும் ஒரே சந்திப்பில் கலந்திருந்தாலும் இதே கதை.

உண்மையிலேயே கோளாறு எதுவும் இல்லாமல் விழுவதும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். முன்பு சொன்ன ஃபில்டர் கசிவு மெஷினுக்குக் கொஞ்சம், கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம், ஏசிக்குக் கொஞ்சம் என்று சேர்ந்து சேர்ந்து, வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி என்றால் அது எப்போதும் விளிம்பிலேயே நிற்கும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் விழும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஃப்ரிட்ஜுக்குள் எல்லாம் நாறிக் கிடக்கும். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. அதற்கு வழி, எடுப்பதல்ல, பிரிப்பது. பாத்ரூம், வாஷிங் மெஷின் ஒன்றில். வெளி விளக்கு இன்னொன்றில். ஃப்ரிட்ஜுக்குத் தனியாக ஆர்சிபிஓ. ஆர்சிபிஓ என்பது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே பெட்டியில். கேட் லைட் நனைந்தால் கேட் லைட் மட்டும் போகும், வீடு இருட்டாகாது. செலவு கூடுதல்தான்.

விழாமல் இருக்க வேறொரு குறுக்கு வழியும் நடக்கிறது: 30-ஐ எடுத்துவிட்டு 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுவது. பார்வைக்கு ஒன்றேதான். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அல்ல. உங்கள் போர்டில் இருப்பதன் முகப்பில் 0.03 ஆம்பியர் அல்லது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 40 ஆம்பியர், 63 ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருப்பது வேறு, அது தாங்கும் லோடு. புதிதாக வாங்கும்போது ஏ டைப் கேளுங்கள். சாதா ஏசி டைப்பைவிட (இது குளிரூட்டும் ஏசி அல்ல, ஆர்சிசிபியின் ஒரு வகை) இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி உள்ள வீட்டுக்கு அது பொருத்தம்.

அதன்மேல் டி என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக். ஆனால் டி பட்டன் வேலை செய்கிறது என்பதால் எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டன் ஆர்சிசிபிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். ஆர்சிசிபி கைவிடும் இடமும் ஒன்று உண்டு: ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டு, காலுக்குக் கீழே உலர்ந்த பலகையும் இருந்தால், போனதும் வந்ததும் சமம். அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பல்பு.

டெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் எலக்ட்ரீஷியன் மெஷின்மேல் டெஸ்டர் வைத்துப் பார்த்து, லேசாக எரிந்ததைக் காட்டி முடிவு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நியான் டெஸ்டர் மிகச் சொற்பக் கரண்டுக்கே எரியும். ஃபில்டர் கசிவா, முழு ஃபேஸா என்று அதால் சொல்ல முடியாது. எரியவில்லை என்பதும் உத்தரவாதம் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், மர ஸ்டூலில் நின்றுகொண்டு டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. கரண்ட் இல்லை என்று இடது கையால் சுவரில் ஊன்றிக்கொண்டு வயரைப் பிடித்தேன். சுவர் ஈரம். ஸ்டூலிலிருந்து விழுந்ததால் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். டெஸ்டர் எரிய என் உடம்பு வழியாக மண்ணுக்குப் பாதை வேண்டும், ஸ்டூல் அதை அடைத்திருந்தது என்று அப்புறம்தான் உறைத்தது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: எர்த் சரியாகும்வரை வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் விடும்போதும் துணி எடுக்கும்போதும் பிளக்கை உருவிவிடுங்கள். செருப்பு போட்டால் தெரியவில்லை என்பதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே, முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. மாடி என்றீர்கள், துவைத்த துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் வயர் வந்து இறங்கும் பைப்பிலோ, அதைத் தாங்கும் கம்பியிலோ இரும்புக் கொடி கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். வயரின் தோல் தேய்ந்து, ஈரத்துணியோடு கொடிக்கம்பியைத் தொட்டவர்கள் செத்துப்போன செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது ஷாக்கைப் பற்றி மட்டும் பேசினால் "மெஷினை மாத்துங்க" என்பார். எர்த் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது கட்டடத்தின் சொத்து, அவர் வீட்டுக்கும் அதுதான் எர்த். மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலேயே எர்த் கசிவுப் பாதுகாப்புக் கருவிக்குத் தனி விதி உண்டு, 2023-ல் அந்த விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. நம் மின் வாரியம் "உயிர் காக்கும் சாதனம்" என்று அறிவிப்புகளில் போடுவது இந்த ஆர்சிசிபி வகைக் கருவியைத்தான். கம்பத்திலோ மீட்டருக்கு முன்னாலோ நியூட்ரல் கோளாறு என்று சந்தேகம் வந்தால், அதாவது ஒரு அறையில் லைட் மங்கி இன்னொரு அறையில் கண் கூசுகிற மாதிரி எரிந்தால், மெயினை இறக்கிவிட்டு தமிழ்நாடு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள், அதற்கு உள்ளூர் எலக்ட்ரீஷியன் வேண்டாம்.

வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது போனிலேயே "மெக்கர் இருக்கா?" என்று கேளுங்கள். வயரின் இன்சுலேஷனை 500 வோல்ட் கொடுத்து அளக்கும் கருவி அது. இருக்கிறது என்பவர் வரட்டும். ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக, நியூட்ரலையும் பிரித்து, எர்த்துக்கு எதிராக அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைனில்தான் உங்கள் மழைத்தண்ணீர் இருக்கிறது. எர்த் குழியின் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் வருவதற்குள் ஒரு மழை வந்தால், நான் சொன்ன பிளக் உருவும் சோதனையைச் செய்துவிட்டு, எம்சிபி எல்லாம் இறங்கியிருக்கும்போதும் விழுந்ததா, இல்லை எதைத் தூக்கும்போது விழுந்தது என்பதை எழுதுங்கள். ஆர்சிசிபி முகப்பை ஒரு போட்டோவும் எடுத்துப் போடுங்கள். அடுத்து எங்கே தேடுவது என்று அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.